மயிலைப் பசுவின் தும்புக் கயிறு

அந்தக் காலத்தில் மாடும் பேசும், புல்லும் பேசும். கடல் மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் பேசும், கோபம் வந்தால் அதட்டும். ஆனால் கடலுக்கு அடியில் ஒரு புல்கூடக் கிடையாது. எங்கே முங்கினாலும் வெறும் மணல், கலங்கிய தண்ணீர். மீன்குஞ்சு ஒளிந்துகொள்ள ஓர் இடமில்லை.

சேதுக் கரையில் சேதம்மா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சினையாக இருந்த ஒரு சாம்பல் நிறப் பசுதான் அவளுக்கு எல்லாம். அதற்கு மயிலை என்று பேர். சேதம்மா கூப்பிட்டால் போதும், எங்கே நின்றாலும் மூக்கைத் தூக்கிப் பார்க்கும்.

அந்த வருஷம் அடித்த வெயிலை என்னவென்று சொல்ல! வெக்கை தாங்காமல் மயிலை கடலில் இறங்கிப் படுத்தது. படுத்த இடத்திலேயே கன்றும் ஈன்றது. தண்ணீரில் பிறந்த கன்றுக்குக் கால் இல்லை. முன்னால் இரண்டு துடுப்பு, பின்னால் மீன்வால்!

"அடி ஆத்தீ!" என்று வாயில் கைவைத்தாள் சேதம்மா. பிறகு மயிலையின் கழுத்தில் தென்னைநார்த் தும்புக் கயிற்றைக் கட்டி இழுத்தாள். "வாடி வீட்டுக்கு."

"நான் வந்திருவேன் ஆத்தா. இவன் எப்படி வருவான்?" என்றது மயிலை.

சேதம்மா தும்பை அவிழ்க்காமல் அதன் கழுத்திலேயே விட்டுவிட்டாள். என்றைக்காவது மனசு மாறி வரும் என்று ஒரு நப்பாசை.

கன்றை விட்டுக் கரையேறாத மயிலைக்குத் தின்ன ஒன்றுமில்லை. விலா எலும்பு தெரிந்தது, பால் வற்றியது. சேதம்மா அறுத்துப் போட்ட புல்லையெல்லாம் அலை அடித்துக்கொண்டு போனது. அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கழிமுகத்து ஈரத்தில் நின்ற ஒரு மெலிந்த புல்லிடம் போய், "கடலுக்குள்ள வந்து முளைக்கிறியா தாயி?" என்று கேட்டாள்.

"நல்லா கேட்டே போ! அங்கே நான் பூத்தா யாரு வருவா? வண்டு வந்து முங்குமா?"

கேட்டுக்கொண்டிருந்த கடல் சொன்னது: "நான் இருக்கேன். ஒரு பூவோட தூளை இன்னொரு பூவுக்கு நானே சுமந்துட்டுப் போறேன்."

புல் சம்மதித்தது. வேரோடும் சேற்றோடும் அள்ளிப்போய், மூச்சுப் பிடித்து முங்கி முங்கி நட்டாள். நட்டதையெல்லாம் அலை பிடுங்கி அவள் காலடியிலேயே போட்டது.

"வாக்குக் குடுத்துட்டு இப்படிப் பண்றியே, வெக்கமா இல்ல?"

"ஓடாம நிக்க எனக்குத் தெரியாதே தாயி. பிடிச்சுக்கிற மாதிரி ஏதாச்சும் புல்லுக்குக் குடு" என்றது கடல்.

அவளிடம் என்ன இருந்தது? அந்தத் தும்பு ஒன்றுதான். அதையும் அவிழ்த்துவிட்டால் மயிலை இனி அவள் பசு இல்லை. சேதம்மா பார்த்தாள். கன்று வற்றிய மடியை முட்டிக்கொண்டிருந்தது. மயிலையின் கழுத்துக்குக் கை போனது. அழுதுகொண்டேதான் அவிழ்த்தாள். தென்னைநாரைப் புரி புரியாகப் பிரித்து, அதில் புல்லை வரிசையாக முடிந்து, மணலில் விரித்துக் கல்லை வைத்தாள்.

புல் பிடித்துக்கொண்டது. மணலுக்குள்ளேயே ஒன்றின் வேர் இன்னொன்றைத் தேடிப் போய்ப் பின்னியது. மழை வந்து போன பிறகு ஒருநாள் முங்கிப் பார்த்தாள் சேதம்மா. தண்ணீர் தெளிந்து கிடந்தது. பார்த்த பக்கமெல்லாம் பச்சை! இறாலும் நண்டும் அதற்குள் குடித்தனம் நடத்தின. கடல்குதிரைகள் வாலால் புல்லைச் சுற்றிக்கொண்டு ஆடின. சின்னச் சின்னப் பூக்கள் திறந்திருக்க, அவற்றின் தூளைக் கடல் நூல் நூலாக இழுத்துப் போனது. கடலுக்கு அடியில் பூ! மேலே வந்து மூச்சு விடவே மறந்துவிட்டாள். அந்தப் பச்சைக்கு நடுவே மயிலை மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் கால் மறைந்து துடுப்பு முளைத்திருந்தது.

அந்தக் கடல்பசுவைத்தான் இன்றைக்கு ஆவுளியா என்கிறோம். அன்று தொட்டுத்தான் கடலுக்கு அடியில் புல் பூக்கிறது. புல் அழிந்த இடத்தில் மறுபடி நடுகிறவர்கள் அதைத் தென்னங்கயிற்றில் முடிந்து இறக்குகிறார்கள். இறக்கும்போது, "மயிலே!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். தூரத்தில் ஒரு சாம்பல் மூக்கு தண்ணீருக்கு மேலே எழும்பி, சேதம்மாதானா என்று பார்த்துவிட்டுப் போகும்.