பவளனுக்கு எதைக் கண்டால் பயம்?

இன்றைக்கு வெறும் மணல்மேடாகக் கிடக்கும் இடத்தில் முன்னொரு காலத்தில் முத்தலைத்துறை என்ற பட்டினம் இருந்தது. அந்தப் பட்டினத்துக் கடைத்தெருவில் உமையாள் என்பவள் சந்தனம் அரைத்து விற்று வந்தாள். அவளிடம் பவளன் என்று ஒரு கிளி இருந்தது, கேளுங்கள்.

கிளி என்றால் சும்மா கிளியா? "அக்கா" என்று கூப்பிடும். கோவைப்பழத்தைக் காட்டினால் ஆடும். சீழ்க்கை அடித்தால் தோளில் வந்து உட்காரும்.

உமையாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கூண்டை வாசலிலேயே மாட்டினாள். சந்தனம் வாங்க வந்தவரிடம் சொன்னாள், வழி கேட்டு வந்தவரிடம் சொன்னாள், ஒன்றும் கேட்காமல் போனவரையும் நிறுத்திச் சொன்னாள். கேட்டவர்களில் வங்கன் என்ற பறவை வியாபாரியும் ஒருவன்.

ஒருநாள் நண்பகல். உமையாள் குளத்துக்குப் போய்த் திரும்பினாள். கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பச்சை இறகு ஒன்று மட்டும் இருந்தது.

அவள் கடையை அடைத்தாள், அழுதுகொண்டு உட்காரவில்லை. வடக்கே மலையடிவாரச் சந்தையில் தேடினாள், இல்லை. மேற்கே ஆற்றங்கரைச் சந்தையில் தேடினாள், இல்லை. தலைநகரத்துச் சந்தைக்குள் கால் வைத்ததும், "அக்கா!" என்ற குரல் கேட்டது.

பவளன் வங்கனின் கையில் இருந்தான்.

"என் கிளியைக் கொடுடா!"

"உன் கிளியா? நல்ல கதை!"

கூச்சல் பெரிதாகி, வழக்கு ராணி சோலைநாச்சியின் சபைக்குப் போனது.

வங்கன் கும்பிட்டான். "மகாராணி, இது என் தங்கைக்குச் செல்லக் கிளி. அவளைத்தான் அக்கா என்று கூப்பிடும். இதோ பாருங்கள்." கோவைப்பழத்தைக் காட்டினான், கிளி ஆடியது. சீழ்க்கை அடித்தான், கிளி அவன் தோளில் உட்கார்ந்தது. சபையே கை தட்டியது.

உமையாள் தலை குனிந்தாள். சொல்ல வைத்திருந்த அடையாளம் எல்லாவற்றையும் அவள்தான் ஏற்கெனவே தெருவில் கொட்டிவிட்டாளே!

ராணி யோசித்தாள். "கிளிக்கு என்ன தெரியும் என்று பார்த்தாயிற்று. கிளியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இதற்கு எதைக் கண்டால் பயம்? தனித்தனியாக என் காதில் சொல்லுங்கள்."

வங்கன் காதோடு சொன்னான்: "பூனைதான் மகாராணி. எந்தக் கிளிக்கும் அதுதானே பயம்!"

உமையாள் வந்தாள். வாய் திறக்கவில்லை.

"தெரியாதா?" என்றாள் ராணி.

"தெரியும் தாயே. சொன்னால் சோதித்துப் பார்ப்பீர்கள். பிள்ளை நடுங்குமே, அதுதான் யோசிக்கிறேன்." பிறகு மெல்லச் சொன்னாள். "இடிக்குப் பயம். புயலில் மரம் சாய்ந்து, பொந்தோடு விழுந்த குஞ்சு இது. இடித்தால் நான் இரண்டு கையையும் குவித்துக்கொள்வேன். உள்ளே புகுந்துகொள்ளும். பழம் காட்டினால் அப்போது வராது. இடிக்குப் பதிலாகச் சபை முரசை அடித்துச் சோதிப்பதென்றால், ஒரே அடி போதும் தாயே."

ராணி கண்ணைக் காட்டினாள். முரசு ஒருமுறை அதிர்ந்தது.

பவளன் வெலவெலத்துப் போனான். வங்கன் பழத்தைக் காட்டினான்; கிளி ஆடவில்லை. சீழ்க்கை அடித்தான், வரவில்லை. "பேசு, பேசு!" என்று அதட்டினான், வாய் திறக்கவில்லை.

"பேச வேண்டாம் கண்ணு. அக்கா இருக்கேன்," என்று உமையாள் கைகளைக் குவித்தாள். கிளி பறந்து வந்து அந்தக் கைகளுக்குள் புகுந்து, அவள் மார்போடு ஒட்டிக்கொண்டது.

வங்கனைக் காவலர் இழுத்துப் போனார்கள். "இந்தக் கிளியை அரண்மனைக்குக் கொடு, கழுத்து நிறைய முத்து தருகிறேன்," என்றாள் ராணி.

"மன்னித்துக்கொள்ளுங்கள் தாயே. இவன் விற்பனைக்கு இல்லை."

ராணி சிரித்து, தன் பல்லக்கிலேயே இருவரையும் ஊருக்கு அனுப்பினாள். தெருவே திரண்டு பார்க்க, உமையாள் நிமிர்ந்த தலையோடு இறங்கினாள். கூண்டை வீட்டுக்குள் மாட்டினாள், உள்தாழ்ப்பாள் வைத்தாள், வெளியே போகும்போது அடுத்த வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். பவளனுக்குப் புதிதாக என்ன தெரியும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் அவள் பதில் சொல்லவே இல்லை.

நம்மை நம்பி வாழும் உயிரின் திறமையை ஊருக்குக் காட்டுவதைவிட, அதன் பயத்தை அறிந்து காப்பதே உண்மையான பெருமை.