பாறைக்காரர்களின் குரூப் போட்டோ

கல்யாண வீட்டில் போட்டோக்காரர் "தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றால் நீங்கள் தூக்குவீர்களா, மாட்டீர்களா? தூக்குவீர்கள். அந்தத் தைரியத்தில்தான் பலவேசம் இத்தனை நாளும் ஸ்டுடியோ நடத்திவந்தான்.

அவனுக்குப் பெண் கொடுக்கவிருந்த பொன்னுலிங்கம் திடீரென்று ஒரு போடு போட்டார்.

"கல்யாணப் படம் எவன் வேணாலும் எடுப்பான் வே. செம்மணல் பாலையைத் தாண்டி ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. அங்க ஆதிமனுசன் பாறையில வரைஞ்ச படம் இருக்காம். அதை எடுத்துட்டு வாரும். இல்லைன்னா என் மக வடிவுக்கு வேற இடம் பார்ப்பேன். வழியில எங்கயும் நிக்காம போகணும், என்ன?"

பலவேசமும், லைட் பிடிக்கும் லிங்கதுரையும், வேன் ஓட்டும் தவசியும் கிளம்பினார்கள். நிற்கவே இல்லை. டீக்கடை வந்ததும் தவசி கடையைச் சுற்றிச் சுற்றி வேனை ஓட்டினான். ஒரு சுற்றில் டீ சொன்னார்கள். அடுத்த சுற்றில் வாங்கினார்கள். அதற்கடுத்த சுற்றில் "சீனி கம்மி" என்றார்கள். கடைக்காரர் சீனி டப்பாவோடு வேன் பின்னாலேயே ஓடினார்.

பள்ளத்தாக்கின் வாசலில் காவல்காரர் மறித்தார். "ஓவியத்தைத் தொடக் கூடாது. உங்க நிழல்கூட அதும்மேல விழக் கூடாது."

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"நிழலை எங்க வைக்கிறது?"

"வேன்ல வச்சுப் பூட்டிருவோம்."

வேனுக்குள் ஏறினார்கள். நிழலும் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, பைய இறங்கி, படாரென்று கதவைச் சாத்தினார்கள். லிங்கதுரையின் வேட்டி நுனி கதவில் மாட்டிக்கொண்டது.

"பாத்தியளா அண்ணாச்சி, நிழல் என்னை விட மாட்டேங்கு!"

கதவைத் திறந்தால் நிழலெல்லாம் தப்பிவிடுமே! வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு டவுசரோடு நடந்தான். பள்ளத்துக்குள் வெயிலே இல்லை, அதனால் நிழலும் இல்லை. பூட்டு நல்ல பூட்டு என்று மூவருக்கும் ஒரே திருப்தி.

பாறையில் செங்காவி நிறத்தில் வில்லும் கையுமாக மனிதர்கள் ஒரு மானைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். பலவேசம் கேமராவில் கண்ணை வைத்தான். வியர்த்துவிட்டது.

"எவனும் கேமராவைப் பார்க்கலையே டே!"

"குரூப் போட்டோன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க," என்றான் லிங்கதுரை.

"சரி, இதுல மாப்பிள்ளை யாரு?"

"முன்னால ஓடுறவருதான். தப்பிக்கப் பார்க்காரு."

"பொண்ணு?"

"இன்னும் அலங்காரம் முடியலை போல."

"மான்?"

"அது பந்திக்கு."

பலவேசம் கையைத் தட்டினான். "எல்லாரும் இங்க பாருங்க! வில்லைக் கீழ போடுங்க! உசரமானவரு பின்னால போங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"வயசுல பெரியவங்க அண்ணாச்சி, அதட்டாதிய," என்றான் தவசி. பலவேசம் கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தான். அப்போதும் அசையவில்லை.

கூடவே வந்திருந்த காவல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏ, ஆயிரக்கணக்கான வருசமா அப்படியேதான் நிக்காங்க. அப்படியே எடுத்துட்டுப் போங்கடே!"

"முகம் தெரியாத படத்துக்கு மாமா பொண்ணு குடுப்பாரா?" என்றான் பலவேசம்.

இருட்டத் தொடங்கியது. ஒரு படமும் எடுக்கவில்லை. பலவேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டுடியோ கார்டை எடுத்துக் காவல்காரர் கையில் வைத்தான்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அண்ணாச்சி. இவங்க இந்தப் பக்கம் திரும்பினதும் எனக்கு ஒரு போன் போடுங்க. நான் வர்ற வரைக்கும் அந்த மானை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக் கட்டி வையுங்க."