நிழலின் எடை

முன்னொரு காலத்தில், மழை மறந்தாலும் வெயில் மறக்காத உவர்க்கரைச் சீமையை வெண்குடையான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தலைக்குமேல் வெள்ளைக் குடை இல்லாமல் ஓரடி எடுத்துவைக்க மாட்டான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மறந்துவிடுவான். யார் ஓலை நீட்டினாலும் படிக்காமலே முத்திரை வைப்பான்.

அந்தச் சீமையில் வைத்தியராக மூன்று வழிகள் இருந்தன. அரண்மனைத் தேர்வு எழுதி முதல் நாற்பது பேருக்குள் வரலாம். கப்பலேறி அக்கரையில் படித்துவிட்டு வந்து, இங்கே இன்னொரு தேர்வு எழுதலாம். இரண்டும் முடியாதென்றால், சபையில் பெரியவரான பொன்வரையர் குன்றின்மேல் நடத்திய வைத்திய மாளிகை. அங்கே தேர்வு கிடையாது, முழுக் கட்டணம் மட்டும்தான். அதுவும் காசு அல்ல; பெற்றவர்களில் ஒருவருடைய நிழல். சூரியன் சாயும்போது, நிழல் நீண்டு கிடக்கும் நேரம் பார்த்து, காலடியில் அறுத்துச் சுருட்டி எடுத்துப்போவார்கள்.

நிழல் போனவர் உடனே சாவதில்லை. வழக்கம்போல வேலைக்குப் போவார். ஆனால் உச்சி வெயிலில் குளிருகிறது என்பார். வீட்டு நாய் அவரை ஊடுருவி அப்பால் பார்க்கும். நாளாக ஆக, அவர் நடந்தால் காலடியில் உப்பு நொறுங்கும் சத்தம்கூடக் கேட்காது.

உப்பளத்தில் வேலை செய்த இசக்கிமுத்துவுக்கு இதெல்லாம் தெரியும். பக்கத்துப் பாத்தி மாடக்கண்ணு அப்படித்தான் ஆனார். போன மாதம் போய்ச் சேர்ந்தும் விட்டார். இருந்தும், மகள் உலகம்மை தேர்வில் நாற்பத்திரண்டாவதாக வந்ததும், இசக்கிமுத்து மாளிகை ஓலையில் கைநாட்டு வைத்தார். ராஜ முத்திரை விழுந்தால் அன்று மாலையே நிழல் போய்விடும்.

சபை முற்றத்தில் முறைக்காகக் காத்திருந்தபோது உலகம்மை கெஞ்சினாள். "வேண்டாம்ப்பா. அடுத்த வருசம் எழுதுறேன்."

"அடுத்த வருசம் அம்பதாவதா வந்தா? நம்ம வம்சத்துல ஓலை படிச்ச முதல் ஆளு நீதான், தாயி. நிழலை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப்போறேன்?"

"உப்பளத்துல மரம் ஏது? தண்ணிக் கலயத்தை எங்க வைப்பீங்க? சின்னப் பிள்ளையில நான் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் நீங்க அசையாம நின்னது எதுக்கு?"

"என்ன முணுமுணுப்பு அங்கே?" என்றான் ராஜா. அந்த வெயிலிலும் கம்பளி போர்த்தியிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு விளையாட்டுத் தோன்றிவிட்டது. "பெண்ணே, மூன்று வழியையும் எடைபோட்டு எது உசத்தி என்று சொல். அதோ என் துலாபாரத் தராசு. சரியாகச் சொன்னால் கேட்டது கிடைக்கும். தப்பினால் முத்திரை!"

பொன்வரையர் சிரித்தார். "இதில் எடைபோட என்ன இருக்கிறது, மகாராஜா? தேர்வு ஒரு வருஷக் கனம். கப்பல் ஆறு வருஷக் கனம். நிழலுக்கு எடையே கிடையாது. என் வழிதான் இலேசு!"

சபையும் சிரித்தது.

"எடையில்லாததை எதற்கு ஐயா வாங்குகிறீர்கள்?" என்று கேட்டாள் உலகம்மை.

"குன்றில் மரம் இல்லையே. மாளிகைக்குக் கூரை வேண்டாமா?"

சிரிப்பு நின்றுபோயிற்று.

உலகம்மை ராஜாவின் கம்பளியைப் பார்த்தாள். காலடியில் கிடந்த வேட்டைநாய் அவனைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. போன மாதம் தெருத்தெருவாகப் பறையடித்தது நினைவுக்கு வந்தது: 'இந்த வருஷத் துலாபாரத்துக்குப் பாதிப் பொன்னே போதுமாயிற்று, மகாராஜா மெலிந்து அழகாகிவிட்டார்.' எதிரே இருந்த ராஜாவின் தொந்திக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலிருந்தது.

"மகாராஜா, ஒரு தட்டில் அப்பா உட்காரட்டும். மறு தட்டில் நீங்கள்."

"இந்த எலும்புக்கூட்டுக்கு எதிரே நானா? பாவம், கூரைக்குப் பறந்துவிடுவான்!"

"வேண்டாம் மகாராஜா, வெயில்..." என்று பொன்வரையர் பதறினார். வேண்டாம் என்றால் ராஜா விடுவானா? மெத்தை போட்ட தட்டில் ஏறி உட்கார்ந்தான்.

இசக்கிமுத்துவின் தட்டு 'தொம்' என்று தரையில் இறங்கியது. ராஜாவின் தட்டு உயர்ந்தது. குடைக்காரனின் கை எட்டாத உயரத்துக்கு உயர்ந்தது. மேற்கு வெயில் நேராக அடித்தது.

முற்றத்துத் தரையில் சங்கிலியின் நிழல் ஆடியது. தட்டின் நிழல் ஆடியது. மெத்தையின் நிழலும் ஆடியது. மெத்தைமேல் யாரும் இல்லை.

மேலேயிருந்து சின்னக் குரலில் கேட்டது: "என்னுடையது எங்கே?"

"இளவரசர் எங்கே படிக்கிறார், மகாராஜா?" என்றாள் உலகம்மை.

பொன்வரையர் கைகூப்பினார். "இளவரசரை மாளிகையில் சேர்த்த ஓலையில் தாங்கள்தான் முத்திரை வைத்தீர்கள். நிழலை எடுக்க வந்தபோது சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தீர்கள்..."

"கட்டணம் ஒன்றுமில்லை என்றாயே, பாவி!"

"எடை ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன், மகாராஜா."

ராஜா இறங்கினான். வெள்ளைக் குடையைப் பிடுங்கிப் பொன்வரையர் கையில் திணித்தான். "இன்றே கூரையைப் பிரி. கடைசி நிழல் வீடு சேரும்வரை நீ உப்பளத்துக்காரர்களுக்குக் குடை பிடித்து நில்!" பிறகு திரும்பினான். "பெண்ணே, எந்த வழி உசத்தி என்று நீ இன்னும் சொல்லவில்லையே?"

"எனக்குத் தெரியவில்லை, மகாராஜா. தேர்வில் வயசு போகும். கப்பலில் போனால் ஊர் தூரமாகும். மாளிகையில் படித்தவர்களிலும் நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். விலையை மறைக்கிற வழி மட்டும் வேண்டாம்."

"மாளிகை இனி அரண்மனையுடையது. நாளைக்கே வந்து சேர்."

"தேர்வு வரிசைப்படி கூப்பிடுங்கள். நாற்பத்தொன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பிறகு நான்."

ராஜா அந்த உத்தரவை, வாழ்நாளில் முதல் தடவையாக, இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை வைத்தான்.

பொழுது சாய இருவரும் வீடு திரும்பினார்கள். முன்னால் நீண்டு போன அப்பாவின் நிழலை மிதிக்காமல் நடந்தாள் உலகம்மை. குன்றிலிருந்து நிழல்கள் ஒவ்வொன்றாக இறங்கி, உப்புப் பாத்திகளின்மேல் சத்தமில்லாமல் வீடு தேடிப் போயின.

மாடக்கண்ணுவின் வாசலில் ஒன்று வந்து நின்றது. கதவு பூட்டியிருந்தது. அது போகவில்லை.

மறுநாள் உச்சி வெயிலிலும் அது அங்கேயே கிடந்தது. இசக்கிமுத்து தன் தண்ணீர்க் கலயத்தைக் கொண்டுபோய் அதன் மடியில் வைத்தார். அன்று மாலைவரை தண்ணீர் சில்லென்று இருந்ததாம்.