பிரதானி முதுகில் ஏறிய கிளி

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கு வேலை கொஞ்சமாகவும் ஆசை நிறையவும் இருந்த காலத்திலே, வச்சிரவழுதி என்றொரு ராஜா ஒரு நாட்டை ஆண்டுவந்தார். யுத்தத்தில் அவர் யாரிடமும் தோற்றதில்லை. வீட்டிலே ஒரு சுவரிடம் மட்டும் மாட்டிக்கொண்டு திண்டாடினார்.

அரண்மனையில் புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். காலையில் ராணி செண்பகவல்லி அங்கே அமர்ந்து பெண்களின் குறைகளைக் கேட்பார். சாயங்காலம் ராஜா அங்கே அமர்ந்து வீணை கேட்பார். அந்த மண்டபத்துப் பெரிய சுவரை எப்படி அலங்கரிப்பது என்பதில்தான் சண்டை.

"வெறும் வெள்ளைச் சுவர் போதும். அதுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார் ராணி.

"யானையும் கிளியும் கொடியும் இல்லாத சுவர் ஒரு சுவரா? அதற்கும் மாட்டுக்கொட்டகைக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் ராஜா.

கொட்டகை என்ற வார்த்தை ராணிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் தம் கையால் ராஜாவுக்குப் பரிமாறுவதை நிறுத்திவிட்டார். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. எரிந்து எரிந்து விழுந்தார்.

அந்தச் சபையில் தாண்டவன் என்று ஒரு விகடகவி இருந்தான். அவனைக் கண்டாலே பிரதானி நஞ்சுண்டருக்கு வயிற்றெரிச்சல். அவன் பேசினால் ராஜா சிரிக்கிறார், தாம் பேசினால் கொட்டாவி விடுகிறார். அதுதான் காரணம், வேறென்ன!

நஞ்சுண்டர் சமயம் பார்த்து வாயைத் திறந்தார். "பிரபு! இதற்குத் தாண்டவனை விட்டால் ஆள் ஏது? ஒரே சுவர்தான். ராணியாருக்கு வெறுமையாகவும் தங்களுக்குச் சித்திரமாகவும் தெரிய வேண்டும். திரை தொங்கவிடக் கூடாது. ஒரு சொட்டு வண்ணமும் படக் கூடாது. மகா புத்திசாலியாயிற்றே, செய்து காட்டட்டுமே!"

ராஜா இருந்த கோபத்தில் யோசிக்கவேயில்லை. "தாண்டவா, பொங்கலுக்குள் செய்து முடி. இல்லையென்றால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடு!"

பாவம், அவன் மனைவி வெள்ளையம்மா அப்போது தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பொங்கிவிட்டாள்.

"என் பிள்ளையை எந்த ஊர்ச் சத்திரத்திலே பெத்துக்கச் சொல்றீங்க? அரண்மனைச் சுவரை ஒத்துக்கிட்டு வந்தாராம், பெரிய மேஸ்திரி! நீங்க பூசின நம்ம வீட்டுச் சுவரைத் திரும்பிப் பாருங்க. பகல்லே வழவழன்னுதான் இருக்கு. சாயங்கால வெயில் பக்கவாட்டிலே பட்டாப் போதும், மேடும் பள்ளமுமா பல்லை இளிக்குது!"

தாண்டவன் திரும்பிப் பார்த்தான். நிஜமாகவே பல்லை இளித்தது. அவன் சட்டென்று துள்ளி எழுந்தான்.

"வெள்ளை, உன் திட்டுதான் நம்மைக் காப்பாத்தப் போகுது!"

மறுநாளே சுதை வேலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். எதிரே திறந்த முற்றம். பகல் வெளிச்சம் அங்கிருந்து நேராகச் சுவரில் விழும். மேற்கே சுவரை ஒட்டி ஒரு சாளரம். சாயங்கால வெயில் அதன் வழியே நுழைந்து சுவரை உரசிக்கொண்டு போகும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சுவர் முழுக்க வெண்சாந்தாலேயே யானையும் கிளியும் கொடியும் புடைப்பாக எழுப்பச் சொன்னான். நகத்தளவு கனம்தான், வெள்ளை மேல் வெள்ளை. சாந்து காய்ந்ததும் பளபளவென்று மெழுகிவிட்டார்கள்.

பொங்கலன்று மத்தியானம் நஞ்சுண்டர் வாசலில் நின்றபடியே மண்டபத்தை எட்டிப் பார்த்தார். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. சுண்ணாம்பு ஒட்டுமே என்று கிட்டப் போய்த் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை மனிதர். நேரே ராஜாவிடம் ஓடினார்.

ராஜாவும் ராணியும் வந்தார்கள். ராணியின் முகம் மலர்ந்தது. ராஜாவின் முகம் சிவந்தது.

"எங்கேயடா என் யானை?"

"பிரபு, தாங்கள் இங்கே அமர்வது சாயங்காலம்தானே? தங்கள் பங்கு அப்போது வரும்" என்றான் தாண்டவன்.

"சாக்கு! இந்த நிமிஷமே விரட்டுங்கள்!" என்று கத்தினார் நஞ்சுண்டர்.

"அப்படியானால் பிரதானியார் முறைப்படி புகார் கொடுக்கட்டும்."

அந்த நாட்டில் ஒரு முறை உண்டு. புகார் சொன்னவர், தீர்ப்பு வரும்வரை புகாருக்குரிய பொருளை விட்டு விலகக் கூடாது. மாட்டு வழக்கென்றால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நில வழக்கென்றால் நிலத்திலேயே உட்கார வேண்டும். சுவர் வழக்கு வந்தால்? முதுகை ஒட்டிச் சாய்ந்து நிற்க வேண்டியதுதான்!

"நின்றால் போச்சு! வெறும் சுவர்தானே!" என்றார் நஞ்சுண்டர். ராஜா முன்னால் யாரும் மேலே துண்டு போடக் கூடாது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெற்று முதுகோடு சாய்ந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்கள் ஐயா. ஆ, அங்கேதான்! நன்றாக அழுத்திச் சாயுங்கள், கால் வலிக்கப் போகிறது" என்று தாண்டவன் வெகு கரிசனமாகச் சொன்னான்.

கொஞ்ச நேரம் போயிற்று. நஞ்சுண்டர் நெளிந்தார். தோளை ஏற்றினார், இறக்கினார்.

"என்ன பிரதானி, ஏதாவது குத்துகிறதா?" என்றார் ராஜா.

"இ... இல்லை பிரபு! வெறும் சுவரில் குத்துவதற்கு என்ன இருக்கிறது?"

பின்னே எப்படிச் சொல்வார்? குத்துகிறது என்றால் சுவரில் ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, வெயில் சாயும்வரை நின்றார்.

"போதும், விலகும்" என்றார் ராஜா.

நஞ்சுண்டர் விலகினார். சுவரைக் காட்டி வாதாட அந்தப் பக்கம் திரும்பினார். "பாருங்கள் பிரபு! இங்கே ஒன்றுமே..."

முதலில் சிரித்தவர் ராணிதான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பாயில் படுத்து எழுந்தவன் முதுகில் கோரை பதிந்திருக்குமே, அதுபோலப் பிரதானியின் முதுகில் செக்கச் செவேலென்று ஒரு கிளி பதிந்திருந்தது. மூக்கு, வால், கொத்துகிற பழம், எல்லாம் அச்சாக!

"என்ன? என்ன சிரிப்பு?" நஞ்சுண்டர் தம் முதுகைத் தாமே பார்க்கச் சுற்றிச் சுற்றி வந்தார். கிளியும் கூடவே சுற்றியது.

அந்த நேரம் பார்த்து வெயில் சாளரம் வழியே நுழைந்து சுவரை உரசியது. அவர் நின்ற இடத்தில் அதே கிளி. பக்கத்தில் கொடி, அதற்கப்பால் வரிசையாக யானைகள். சுவர் முழுக்க நிழலும் ஒளியுமாக எழும்பி நின்றன.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நஞ்சுண்டரே, உம்முடைய புகாருக்கு உம்முடைய முதுகே எதிர்சாட்சி! வழக்கு தள்ளுபடி!"

பிறகு ராணியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. "காலையில் உன் சுவர், சாயங்காலம் என் சுவர். கொட்டகை என்று சொன்னேனே, அது என் தப்புதான் செண்பகம்."

அன்று இரவு ராணி தம் கையாலேயே பொங்கல் பரிமாறினார். ராஜா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாராம்.

தாண்டவனுக்குப் பட்டும் பொன்னும் கிடைத்தன. பிள்ளை பிறக்கப் புது வீடு ஒன்றும் கட்டித் தர உத்தரவாயிற்று. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சேதியைச் சொன்னதும், வெள்ளையம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சுவரைப் பூச ஆள் வருவாங்கல்ல? நீங்க தொட மாட்டீங்களே?"