காது மட்டும்தான் உள்ள போச்சு

ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஏழூர்க்கோட்டையை மாறவழுதின்னு ஒரு ராஜா ஆண்டுகிட்டிருந்தார். நல்லவர்தான், சாப்பிட்ட பிறகு.

அந்த ஊர்ல ஒரு சட்டம். நியாயசபை முத்திரை போட்ட ஓலை இல்லாம ராஜாவோட ஆள் யார் வீட்டு வாசப்படியையும் தாண்டக் கூடாது. யாரைத் தேடறோம், எதுக்குன்னு ஓலையில இருக்கணும். பட்டம் கட்டுற அன்னிக்கே ராஜா இதுக்குச் சத்தியம் பண்ணியிருந்தார்.

ஒற்றர் தலைவன் காரிக்கண்ணனுக்கு இது பெரிய தொந்தரவு. மந்திரி நல்லாதன்தான் நியாயசபைக்குத் தலைவர். அவர்கிட்ட போய் நிக்கணுமேன்னு வயித்தெரிச்சல். அதனால உள்ள பேசறதை ஒட்டுக்கேக்க, ஊர்ல எல்லா வீட்டுச் சுவத்துலயும் மூங்கில் குழாய் சொருகி, மண்ணுக்கடியில தன் மண்டபம் வரைக்கும் கொண்டுவந்துட்டான்.

முதல்ல மாட்டினது செக்காட்டுற வேம்பி. அடுப்படியில புருஷன்கிட்ட, "இந்த ராஜா தொலைஞ்சாத்தான் வரி தொலையும்"னு சொல்லியிருக்கா. நாக்கை அறுக்கச் சொல்லி உத்தரவு. அந்த மண்டபத்துலயே சபை கூடிச்சு. ஒருத்தன் கத்தி தீட்டறான். கையைக் கட்டிவிட்ட வேம்பி வாயை இறுக்க மூடிக்கிட்டு நிக்கிறா.

"ஓலை எங்க?"ன்னார் நல்லாதன்.

"எதுக்கு மந்திரியாரே? எவனும் படி தாண்டலையே. காது மட்டும்தான் உள்ள போச்சு"ன்னான் காரிக்கண்ணன்.

ராஜா சிரிச்சார். "சரியாத்தானே சொல்றான்? இன்னும் பேசினா உம்ம நாக்கையும் சேத்துக்கலாம்."

நல்லாதன் காரிக்கண்ணன் பக்கம் திரும்பினார். "எந்த வீட்டையும் விட்டுடலையே?"

"அடுப்பெரியிற ஒரு வீட்டைக்கூட விடலை!"

"அப்ப அந்தப்புரக் குழாய் எது?"

காரிக்கண்ணன் கண்ணு மூலையில பட்டுத்துணி அடைச்ச குழாய்க்குப் போயிட்டு வந்துது. ராஜா அதைப் பாத்துட்டார்.

எந்திரிச்சுப் போய், துணியைப் பிடுங்கிட்டுக் காதை வெச்சார். உள்ள ராணி தோழிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தா: "தூக்கத்துல பயந்து எந்திரிச்சு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாருடி, பாவம்."

ராஜா குழாய் வாயை உள்ளங்கையால பொத்தினார். கத்தி தீட்டற சத்தம் நின்னு போச்சு.

"என் வீட்டுக்குள்ள எவன்டா நுழைஞ்சது?"

"யாரும் நுழையலை மகாராஜா," நல்லாதன் சொன்னார். "காது மட்டும்தான்."

"காது நுழைஞ்சா ஆள் நுழைஞ்ச மாதிரிதான்யா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம்னு அவருக்கே புரிஞ்சுது. மெதுவாக் கேட்டார்: "நீர் இதைக் கேட்டீரா?"

"என்கிட்ட ஓலை இல்லையே மகாராஜா."

காரிக்கண்ணன் பதவி போச்சு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, அனுமதி கேட்டு, தன் கையாலயே குழாயைப் பிடுங்கணும்னு உத்தரவு. மந்திரிக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழட்டிப் போட்டார்.

வேம்பியோட கைக்கட்டை அவுத்தாங்க. அவ போகாம நின்னா. அப்பத்தான் முதல் தடவையா வாயைத் திறந்தா.

"அப்ப அந்த வரி, மகாராஜா?"

ராஜா வாசலைக் கை காட்டினார்.

"அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்க, போ."