மஞ்சள் புகை

சாயத்தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கிணறுகள் உள்ள ஊர் அது. ஊருக்குக் கிழக்கே ஒரு சின்ன மடம். அங்கே கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கிப் பானையில் நிரப்பி, கிணற்றுத் தண்ணீரை அதன் வழியே இறக்குவார்கள். நிறமும் நாற்றமும் கரியோடு நின்றுவிடும். குடத்தோடு ஊரே வரிசையில் நிற்கும்.

மடத்துத் தலைவி ஞானாம்பிகை அம்மையாருக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் வேதியியல் வாத்தியாராக இருந்துவிட்டு ஞானம் தேடி வந்தவர். கரி சுடும் வேலை அவருடையது.

அம்மையார் வெளியூர் போயிருந்த சமயம், வாத்தியாரைப் பார்க்கப் பழைய மாணவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். அவர்கள் கண்முன்னே சிவப்புத் தண்ணீரைத் தெளிவாக்கிக் காட்ட வேண்டும் என்று மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. கொட்டாங்குச்சி சுடும் டிரம்மிலிருந்து புகை இன்னும் மஞ்சளாகத்தான் வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் திறந்தார். தண்ணீர் ஊற்றி அணைத்தார், பானையை நிரப்பினார். சிவப்பாக ஊற்றியது சிவப்பாகவே இறங்கியது. போதாக்குறைக்குப் புகை நாற்றம் வேறு.

மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கொட்டாங்குச்சி சரியில்லப்பா," என்றார் ஏகாம்பரம். "இந்த வேலாத்தா களத்துல கெடந்த உமியையும் சேர்த்து வாரிக் கொட்டிட்டா."

வேலாத்தாள் கொப்பரைக் களத்தில் கூலி வேலை செய்பவள். வாராவாரம் மூன்று சாக்கு கொட்டாங்குச்சியை மடத்துக்குச் சும்மாவே சுமந்து வருபவள். அன்று அவளும் வரிசையில் நின்றிருந்தாள். காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு மடத்துப் பக்கமே வரவில்லை.

அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் யாரிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் அம்மையார் திரும்பி வந்தார். வழியிலேயே ஊர்ப்பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது. ஏகாம்பரம் அன்று சுட்ட கரியைச் சாக்கோடு அவர் முன்னே வைத்தார். கேள்வியை நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார்.

"ஒரு சந்தேகமுங்கம்மா. கரி சாயத்தைப் பிடிக்காமப் போறதுக்குக் காரணம் சுடற பொருளுங்களா, சூடுங்களா?"

அம்மையார் ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தார்.

"உமி கலந்திருந்தா எப்படித் தெரியும் வாத்தியாரே?"

"தனியாவே தெரியுமுங்க. பொடிப்பொடியா இருக்கும். சாம்பலும் அதிகம்."

"இதுல இருக்குதா?"

சாக்குக்குள் பார்க்க அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தார்.

"இல்லீங்க." காது மடல் சுட்டது.

அம்மையார் அதே கரியை டிரம்மில் கொட்டி மூடிச் சுற்றிலும் தீ மூட்டினார். இருவரும் எதிரே உட்கார்ந்தார்கள். முதலில் ஈரம் போகிற வெள்ளைப் புகை வந்தது. பிறகு மஞ்சள் புகை.

"திறந்திடலாமா?" என்றார் அம்மையார்.

"வேண்டாமுங்கம்மா!" பதறிவிட்டார் ஏகாம்பரம். "புகையா வர்றது தார்ப் பிசினுங்க. பாதிச் சூட்டுல நிறுத்தினா கரியில இருக்கற பொடித் துளையெல்லாம் அது அடைச்சுக்கும். அது வெளியேறினாத்தான் சாயம் போய் உக்கார எடம் கெடைக்கும்."

"ஓ. உங்களுக்கு இது தெரியுமா?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். இதற்கு நாலு அடி வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

புகை அடங்கும்வரை தீ எரிந்தது. மறுநாள் காலை, ஆறிய டிரம்மை அம்மையார் திறந்தார். துண்டுகள் கிண்ணென்று ஒலித்தன. பானையில் இட்டுச் சிவப்புத் தண்ணீரை ஊற்றினார். கீழே தெளிந்த தண்ணீர் சொட்டியது. ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினார். வாங்கினாரே தவிர, ஏகாம்பரத்தால் குடிக்க முடியவில்லை.

"அதே கொட்டாங்குச்சிதான்," என்றார் அம்மையார்.

"ஆமாங்க." டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வேலாத்தா வீட்டுக்கு யார்கிட்டயாவது ஒரு குடம் குடுத்தனுப்பிடலாமுங்க. தண்ணியப் பார்த்தா அவளுக்கே புரிஞ்சிரும்."

அம்மையார் ஒரு குடத்தை நிரப்பி, அதை ஏகாம்பரத்தின் தோளிலேயே ஏற்றி வைத்தார்.

"டிரம்மைத் திறக்க அவ்வளவு அவசரப்பட்டீங்களே வாத்தியாரே, வாயைத் திறக்க மட்டும் ஏன் இத்தனை நாள்?"