தனக்கொடியின் நாலாவது அசைவு

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு வகுப்பைப் பெருக்குகிறவள் தனக்கொடி. மஸ்கட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன அவள் மகள், மூன்று வருஷம் கழித்து நாளைக் காலை வந்து இறங்குகிறாள். தனக்கொடி கேட்டது ஒரே ஒரு நாள் லீவு.

பேராசிரியர் சபாரத்தினம் மாணவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இருபது வருஷமா இங்கதானே பெருக்குற? தோள்மூட்டோட முக்கியமான நாலு அசைவையும் செஞ்சு காட்டு, லீவு தர்றேன்."

தனக்கொடி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். ஏர்போர்ட் கூட்டத்தில் மகளைக் கண்டுவிட்டவள்போலக் கையைத் தூக்கினாள். "உயர்த்தல்" என்றது வகுப்பு. மகளுக்குத் திருஷ்டி சுற்றுவதுபோல் கையைச் சுற்றினாள். "சுழற்றல்." இரண்டு கையையும் அகல விரித்தாள். "விலக்கல்." அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுத்தது சேர்த்தல். முன்னால சேர்" என்றார் பேராசிரியர்.

"அதுக்கு நடுவுல ஆள் வேணும் சார்."

"சும்மா சேர்த்துக் காட்டு, போதும்."

"வெறுங்கையைச் சேர்த்தா அது கும்பிடு சார். அதைத்தான் ஒரு வாரமா உங்க முன்னால செஞ்சுகிட்டிருக்கேன்."

பேராசிரியர் பேனாவைத் தேடினார். அவர் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, அவள் விரித்த கையை இறக்கவில்லை.